புத்தகங்களோடு பெயர்களும்

ஃபிலடெல்ஃபியா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா,

உனக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் பாதியில் விட்ட விஷயத்தை எழுதுகிறேன். காலமெல்லாம் கல்லூரி நூலகத்தில் இருந்தவள் நீ, உன்னைத்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா தன் அப்பாவின் புத்தகங்களை ஏதாவது நூலகத்துக்குக் கொடுக்க நினைக்கிறார். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, கறுப்பினத்தவர். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போகிறார். மாடி அறை முழுக்கப் புத்தகம். பழைய புத்தக வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். நல்ல பதிப்புகள் சிலவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவை தேறாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தேறாதவற்றில்தான் அக்கா, குடும்பமே இருக்கிறது. ஒரு பெரிய பைபிள். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில், பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதுவதற்கென்றே கோடு போட்ட பக்கங்கள். மூன்று பேர் கையெழுத்து, மூன்று விதமான மை. முதலில் எழுதியவர் எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறார். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் பின்பக்கம் தடம் விழுந்திருக்கிறது. ஒரு பிள்ளைக்குத் தேதி தெரியவில்லை போலிருக்கிறது, சோளம் அறுத்த சமயம் என்று மட்டும் போட்டிருக்கிறார். பைபிளுக்குக் கீழே சர்ச் ஆண்டு மலர்கள், பள்ளி மலர்கள், அடக்க ஆராதனையில் கொடுக்கும் அச்சிட்ட தாள்கள். இறந்தவர் எங்கே பிறந்தார், தாய் தகப்பன் யார், பிள்ளைகள் யார், எந்தச் சபை என்று எல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று நினைப்பாய். 1850, 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை உண்டு. அதில் எஜமானரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே அடிமைகளின் வயது, ஆணா பெண்ணா, நிறம் போன்றவைதான். அநேகமாக ஒருவர் பெயரும் இருக்காது. அடிமையாக இருந்தவர்களில் பெரும்பாலோர் கணக்கெடுப்பில் தங்கள் பெயரோடு பதிவானது 1870-ல்தான். வம்சாவளி தேடுகிறவர்கள் அந்த வருஷத்துக்கு முன்னால் போக முடியாமல் திண்டாடுகிறார்கள். அரசாங்கம் எழுதாத பெயர்கள் இந்த மாதிரி பைபிளில் கிடைக்கக்கூடும்.

இந்த ஊரிலேயே வில்லியம் ஸ்டில் என்று ஒருவர் இருந்தார். தப்பி வரும் அடிமைகளுக்கு உதவும் சங்கத்தில் வேலை. 1850-ல் ஒரு நாள், தன் தாயைத் தேடிக்கொண்டு ஒருவர் அவருடைய அலுவலகத்துக்கு வந்தார். விசாரித்துக்கொண்டே போனால், அவர் ஸ்டில்லின் சொந்த அண்ணன் பீட்டர்! தாய் தப்பி ஓடியபோது விட்டுவிட்டு வர நேர்ந்த பிள்ளை. அதன் பிறகு வருகிற ஒவ்வொருவரிடமும் பழைய பெயர், புதுப் பெயர், பெற்றோர், விட்டுவந்த உறவுகள் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார் ஸ்டில். பிறர் கையில் சிக்கினால் பலர் உயிருக்கு ஆபத்து என்பதால், அந்தப் பதிவுகளை லெபனான் கல்லறைத் தோட்டத்தில் ஒளித்து வைத்திருந்தார். 1872-ல் புத்தகமாகப் போட்டார்.

பிற்காலத்தில் அந்தப் புத்தகத்தில் தன் குடும்பத்துப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் பிளாக்சன். பக்கத்து ஊரான நாரிஸ்டவுன்காரர். கறுப்பினத்தவருக்கு வரலாறே கிடையாது என்று பள்ளியில் ஓர் ஆசிரியை சொன்னதைக் கேட்ட பிள்ளை. அன்றிலிருந்து பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கிப் புத்தகம் சேர்த்தார். சேர்த்ததை 1980-களில் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்று அந்தத் தொகுப்பில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அடிமைத்தனத்திலிருந்து தப்பி, மற்றவர்களையும் தப்புவித்த ஹாரியட் டப்மனின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வைத்திருந்த டப்மனின் பொருட்கள் பிளாக்சனுக்கு வந்து சேர்ந்தன. அவற்றையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் 2010-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒரு ஞானப்பாட்டுப் புத்தகம் உண்டு. டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உள்ளே அவர் பெயர் எழுதியிருக்கிறது. 2023-ல்தான் பிளாக்சன் காலமானார்.

உனக்குப் பிடிக்கக்கூடிய ஆள் இன்னொருவர் இருக்கிறார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930 முதல் நூலகராக இருந்த டோரதி போர்ட்டர். ஜெஸ்ஸி மூர்லேண்ட் என்ற போதகர் 1914-ல் தன் நூல்களை அங்கே கொடுத்திருந்தார். வகைப்படுத்த உட்கார்ந்த டோரதி, மற்ற நூலகங்கள் எப்படிச் செய்கின்றன என்று பார்த்தார். கறுப்பினத்தவர் எழுதியது கவிதையானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, டூயி தசம வகைப்பாட்டில் 325 அல்லது 326-ல் தள்ளியிருந்தார்கள். ஒன்று குடியேற்றம், மற்றது அடிமைமுறை! டோரதி அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்தார். வாங்கப் பணம் கிடையாது, எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் குடும்பங்களையும் கேட்டுக் கேட்டே தொகுப்பை வளர்த்தார். கொடுத்தவர்கள் எல்லோரையும்விட நான் இவரைத்தான் பெரிதாக நினைக்கிறேன். தேடி வருகிறவர் கைக்குக் கிடைக்காவிட்டால், கொடுத்து என்ன பயன்?

அதனால்தான் பக்கத்து வீட்டு அம்மாவிடம், எதையும் பிரிக்க வேண்டாம், வியாபாரி ஒதுக்கியதையும் சேர்த்து மொத்தமாகக் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். புத்தகத்துக்கு அவர் மனசு சம்மதித்துவிட்டது. பைபிளைக் கேட்டால் மட்டும் கண் கலங்குகிறது. மகளும் அது தனக்கு வேண்டும் என்கிறாள். வைத்துக்கொள்ளட்டும், அந்தப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் எடுத்துத் தொகுப்போடு சேர்த்துவிடலாம் என்பது என் யோசனை. நீ என்ன சொல்கிறாய்?

இன்னும் சில கேட்க வேண்டும். பக்கங்களுக்கு நடுவே துண்டுச் சீட்டுகளும் கடிதங்களும் இருக்கின்றன. எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு தனி உறையில் போடலாமா, இருந்த இடத்திலேயே விடலாமா? துருப்பிடித்த குண்டூசிகளை எடுக்கலாமா? போட்டோவில் இருப்பவர்களின் பெயரை அந்த அம்மா சொல்லச் சொல்லப் பின்பக்கம் பென்சிலால் எழுதினால் போதுமா? அவருக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். அடுத்த சனிக்கிழமை உட்காரப்போகிறோம், அதற்குள் பதில் போடு. எழுத நேரமில்லை என்றால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

உன் அன்புத் தங்கை