முட்டை அடுப்பும் சாமை பிட்ஸாவும்

பொட்டி தட்டுறவனுக்கு அடுப்பைப் பத்தி என்னய்யா தெரியும்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கிட்டுப் படிங்க. ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மூணு வாரம் நான் படிச்சது ஒரே ஒரு விஷயம்தான்: சின்ன செராமிக் கிரில். அளவு, எடை, கரிச் செலவுன்னு எக்ஸெல் ஷீட்டே போட்டேன். எனக்காக இல்லை, என் நண்பனுக்காக.

நண்பன் காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்மேட். ஜவ்வாது மலைக்காரன், ஜமுனாமரத்தூர் பக்கம் சின்ன ஊர். சென்னைல நாலு வருஷம் வேலை பார்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் டீமையே மொத்தமா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆறு மாசம் வேலை தேடிப் பார்த்துட்டு, "போதும்டா"ன்னு மலையேறிட்டான். கையில இருந்தது செட்டில்மென்ட் பணம் மட்டும்.

ஊர்ல சும்மா இருக்கிற ஆள் இல்லை அவன். சனி ஞாயிறுல ஜமுனாமரத்தூருக்குக் கூட்டம் வருது. பீமன் நீர்வீழ்ச்சி, கோமுட்டேரியில படகு, கொஞ்ச தூரத்துல காவலூர் வானாய்வகம். 1986ல திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கு. வர்ற சனத்துக்கு டீயும் பஜ்ஜியும் கிடைக்குது. மலையில விளையுற சாமையைப் போட்டு பிட்ஸா சுட்டுக் கொடுத்தா என்னன்னு இவனுக்கு ஒரு யோசனை. போன் பண்ணினான்.

"அடுப்பை மட்டும் நீ சொல்லுடா. நீ எதைச் சொல்றியோ அதை வாங்குறேன்."

சொல்லிட்டு அவன் நிம்மதியாத் தூங்கப் போயிட்டான். எனக்குத் தூக்கம் போச்சு. அவன் கையிருப்புல மூணுல ஒரு பங்கு அந்த அடுப்புக்குப் போகும். என்னை நம்பிப் போகும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் முதல்ல எழுதி வச்சுக்கிட்ட விதி ஒண்ணுதான். பிட்ஸா ஒண்ணுகூட விக்கலைன்னாலும் அந்த அடுப்பு அவங்க வீட்டுக்கு உதவணும். கடை படுத்தாலும் அடுப்பு படுக்கக் கூடாது. இந்த விதியை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பார்த்தேன்.

மின்சார அவன்: வீட்டு அவன்கள் பெரும்பாலும் 250 டிகிரியோட நின்னுடும். அதுவுமில்லாம மலையில காத்தும் மழையும் சேர்ந்தா முதல்ல போறது கரண்ட். அடிச்சாச்சு.

கேஸ் பிட்ஸா அவன்: வேகத்துல இதை மிஞ்ச ஆளில்லை. 400 டிகிரிக்கு மேல போகும், ரெண்டு நிமிஷத்துல பிட்ஸா வெளிய வந்துடும். ஆனா வாய் ரொம்பத் தாழ்வு. பிட்ஸாவை விட்டா ஒரு குழம்புச் சட்டிகூட உள்ள போகாது. என் விதிப்படி அவுட்.

செங்கல்லும் மண்ணும் வச்சு நாமளே கட்டுற அவன்: செலவு கம்மி, ஒரே நேரத்துல மூணு நாலு பிட்ஸா போடலாம். மனசு இதுக்குத்தான் தாவிச்சு. ஆனா அது சூடேறவே ரெண்டு மணி நேரம் விறகு எரிக்கணும். சுத்தி காப்புக்காடு. கடை போடற இடமோ வாடகை. நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா அவனைத் தூக்கிக்கிட்டா போக முடியும்?

மிச்சம் இருந்தது முட்டை அடுப்பு. கமாடோன்னு பேர். ஜப்பான் மொழியில கமாடோன்னாலே அடுப்புதான். (நம்ம குமுட்டி அடுப்புன்னு சொல்ற மாதிரியே காதுல விழுது இல்ல? ஒலி ஒத்துப் போகுதுன்னு சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா சொல்லிப் பாக்க நல்லா இருக்கு.) சோறு வடிக்கிற உருண்டையான மண் அடுப்பை, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜப்பான்ல இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. 1974ல அட்லாண்டாவுல எட் ஃபிஷர்ங்கிறவர் இதை விக்க ஆரம்பிச்சார். அதுதான் பிக் க்ரீன் எக். வெறும் மண் அடுப்பு சூட்டுலயும் வெயில் மழையிலயும் விரிசல் விட்டதால, பின்னாடி தாங்குற செராமிக்குக்கு மாறினாங்க.

விரிசல் ஏன் வருது? ஒரு பக்கம் சுட்டு, ஒரு பக்கம் ஆறிக் கிடந்தா, சுட்ட பக்கம் விரியும், ஆறின பக்கம் விரியாது. இழுபறியில உடையும். அதனால சூட்டுக்கு ரொம்பக் கம்மியா விரியற பொருள் வேணும். பெரிய தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேடறவங்க கவலையும் இதேதான். ராத்திரி குளிர்ல கண்ணாடியோட வளைவு துளி மாறினாலும் நட்சத்திரம் கலங்கிடும். அடுப்புக்காரனும் வானியல்காரனும் ஒரே குணத்தைத் தேடி அலையறாங்கன்னு படிச்சப்போ, காவலூர் பக்கத்துல இந்த அடுப்பு சரிதான்னு தோணிச்சு. (இதை எக்ஸெல் ஷீட்ல ஏத்தலை, பயப்படாதீங்க.)

வேலை செய்யற விதம் ரொம்ப எளிசு. கீழே ஒரு காத்து வாய், மேலே ஒரு வாய், நடுவுல கரி. திறந்தா எரியும், அடைச்சா அணையும். சுவர் தடிமனா இருக்கறதால சூடு வெளிய ஓடாது. அதனால சின்ன நெருப்பு போதும். நெருப்பு சின்னதுன்னா உள்ள போற காத்தும் கம்மி, வேகற பொருள் காயாது. மூடி போட்டே சமைக்கிறதால பொறி பறக்காது. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் மலையில புல்லெல்லாம் காய்ஞ்சு கிடக்கும். கொட்டாய்க்குப் பின்னாடி வைக்கோல் போர் வேற. பொறி பறக்காதுங்கற வரிக்கு மட்டும் ஷீட்ல ரெண்டு மடங்கு மார்க் போட்டேன்.

அடுத்தது அளவு. பிக் க்ரீன் எக்ல மினி 10 அங்குலம், சுமார் 18 கிலோ. மினிமேக்ஸ் 13 அங்குலம், சுமார் 35 கிலோ. கமாடோ ஜோ ஜூனியர் 13.5 அங்குலம், சுமார் 31 கிலோ. பத்து அங்குலத்துல கல்லைச் சுத்திக் காத்துக்கு இடம் விட்டா, அப்பள சைஸ்லதான் பிட்ஸா வரும். பெரிய மாடல்கள் நல்லாத்தான் இருக்கு, ஆனா மலைக்கு ஏத்தறதும் தனியா நகர்த்தறதும் நடக்காது. ரெண்டு பேர் பிடிச்சா தூக்குற எடை, 10 அங்குல பிட்ஸா போடற அகலம். 13 அங்குலச் சங்கதிதான் சரின்னு முடிவாச்சு. பெங்களூர்ல வெளிநாடு கிளம்பின ஒருத்தர் தன்னோட கமாடோ ஜோ ஜூனியரை வித்தார். பழைய சாக்கு, தலையணை எல்லாம் சுத்தி, போளூர் வழியா கொண்டை ஊசி வளைவுல அதை மடியில வச்ச மாதிரி கொண்டு போனோம்.

டிசம்பர்ல முதல் பிட்ஸா. செய்முறை கேக்கறவங்களுக்காக:

நேப்பிள்ஸ் பிட்ஸாவை 430, 480 டிகிரியில ஒண்ணு ஒன்றரை நிமிஷத்துல எடுத்துடுவாங்க. சின்ன கமாடோவை அங்க கொண்டு போய் நிறுத்தறது கஷ்டம், தேவையுமில்லை. நாங்க வச்சது 300. ஆறு ஏழு நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரம் உள்ள இருந்தா மாவு வறண்டுடும், அதனால தண்ணி கொஞ்சம் தாராளமா: 450 கிராம் மைதா, 50 கிராம் சாமை மாவு, 325 மில்லி தண்ணி, 10 கிராம் உப்பு, ரெண்டு கிராம் ஈஸ்ட், ஒரு கரண்டி எண்ணெய், ஒரு சின்ன ஸ்பூன் மலைத்தேன். தேன் ருசிக்கு மட்டுமில்லை, மேல்பக்கம் சிவக்கறதுக்கும். சாமையில பசைத்தன்மை கிடையாது. 50 கிராமுக்கு மேல போனா மாவு இழுபடாம கிழியும். மலைக்குளிர்ல ஈஸ்ட் மெதுவாத்தான் வேலை செய்யும், அதனால ராத்திரியே பிசைஞ்சு வச்சாச்சு. நாலு உருண்டை வந்தது.

கரி நம்ம சீமைக்கருவேலக் கட்டிக்கரி. பொடி வேணாம், அடியில காத்து ஓட்டைய அடைச்சுடும். சின்ன அடுப்புல இருக்கிற ஒரே சிக்கல், கரிக்கும் கல்லுக்கும் நடுவுல தூரம் கம்மி. நேராக் கல்லை வச்சா அடி கருகும், மேல வேகாது. அதனால கரிக்கு மேல வெப்பத் தடுப்புத் தட்டு, அதுக்கு மேல இடைவெளி, அப்புறம்தான் பிட்ஸா கல். கல் எவ்வளவு மேல போகுதோ அவ்வளவுக்கு மூடியோட கதிர்வீச்சு கிடைக்கும். முக்கால் மணி நேரம் காய விட்டோம்.

மூடியில இருக்கிற முள் 300 காட்டுது. அது மூடிப்பக்கத்துக் காத்தோட சூடு. கல்லோட சூடு வேற. நான் பையிலேர்ந்து லேசர் தெர்மாமீட்டரை எடுக்கறதுக்குள்ள நண்பனோட அம்மா ஒரு சிட்டிகை சாமை மாவைக் கல்லுல தூவினாங்க. உடனே கருகிப் போச்சு.

"இரு தம்பி, இன்னும் கொஞ்சம் தணியட்டும்."

கீழ்வாயைக் கொஞ்சம் அடைச்சு, ரெண்டு தரம் தூவிப் பார்த்து, மாவு மெதுவாச் சிவந்ததும் தலையாட்டினாங்க. லேசரைப் பையிலயே வச்சுட்டேன்.

ஒரு எச்சரிக்கை. நல்ல சூட்டுல இந்த மூடியைச் சடார்னு திறக்கக் கூடாது. உள்ள காத்துக்கு ஏங்கிக்கிட்டு இருக்கிற நெருப்பு திடீர்னு காத்து பட்டதும் முகத்துக்கு நேரா பாயும். ரெண்டு அங்குலம் தூக்கி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் திறக்கணும். அணைக்கத் தண்ணி ஊத்தவே கூடாது. ரெண்டு வாயையும் அடைச்சா போதும், மிச்சக் கரி அடுத்த நாளைக்கு ஆகும்.

பிட்ஸா வந்தது. நாட்டுத் தக்காளி, பச்சை மிளகாய், வேலூர்லேர்ந்து ஐஸ் பெட்டியில வந்த சீஸ். அடியில அங்கங்க புள்ளி விழுந்து, ஓரம் உப்பி, கடிச்சா சாமையோட லேசான நொறுநொறுப்பு. பக்கத்து வீட்டுப் பசங்களோட சேர்த்து ஒன்பது பேர், பிட்ஸா ஒண்ணு. அடுத்தது வேக ஏழு நிமிஷம், கல் திரும்பச் சூடேற மூணு நிமிஷம். ஆக ஒரு மணி நேரத்துக்கு ஆறு. அதுக்கு மேல இந்த அடுப்பு தராது. விரட்டினா மாவு வேகாமத்தான் வரும்.

இப்ப கணக்கு. நல்ல சனிக்கிழமைன்னா இருபது வரைக்கும் போகுது. மழை பிடிச்ச வாரம் சைபர். ஜூலையில தொடர்ந்து மூணு வாரம் சைபர். போட்ட காசுல பாதிகூட இன்னும் திரும்பலை. அந்த மூணு வாரமும் போனை எடுக்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஆனா அவன் சொன்னது வேற. மழையில விறகு நனைஞ்சு வீடு பூரா புகையா இருந்த நாள்ல, அம்மா அந்த முட்டையைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தச் சொல்லியிருக்காங்க. காலையில ஒரு பிடி கரி. கோழிக்குழம்பு, கேழ்வரகு அடை, அதுக்கப்புறம் வாயை அடைச்சுட்டு மிச்சச் சூட்டுல பலாக்கொட்டை. சாயங்காலம் வரைக்கும் சுவர் கதகதன்னு இருக்காம். "புகையில கண்ணைக் கசக்காம அம்மா சமைச்சு இப்பத்தான்டா பாக்கறேன்"னான். திறந்த தாழ்வாரமா இருக்கட்டும்டா, கரி அடுப்பை மூடின ரூமுக்குள்ள வைக்கவே கூடாது, விஷவாயு சேரும்னு அன்னைக்கே நாலு தரம் சொன்னேன்.

ஷீட்ல நான் போட்ட முதல் விதி, ஜூலையிலதான் பாஸாச்சு.

போன வாரம் திரும்பக் கூப்பிட்டான். சனிக்கிழமை ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கறாங்களாம், சிலர் கிளம்பிப் போயிடறாங்களாம். "ரெண்டாவது அடுப்பு வாங்கலாமாடா?"

இன்னொரு மழைக்காலம் போகட்டும், சொல்றேன்னேன். ஷீட் இன்னும் திறந்துதான் இருக்கு.

டிஸ்கி: ஜமுனாமரத்தூர் பக்கம் போறவங்க பசியோட வந்துடாதீங்க. அரை வயித்தோட வாங்க. மணிக்கு ஆறுதான் :-)