கூரையில்லா முன்னிருக்கை

ஊர்தியில் ஏறிச் செல்வோர், ஊர்தியைச் செலுத்துவோர் என இருவகையினர் தோன்றிய நாள்தொட்டே, யார் எங்கே அமர்வது என்னும் வினாவும் தோன்றிவிட்டது. தேரோட்டியைத் தோழனாகப் போற்றி, 'பார்த்தசாரதி' என இறைவனுக்கே அப்பணியைப் பெயராகச் சூட்டிய மரபு ஒன்று உண்டு. ஐரோப்பியச் செல்வரின் கோச்சு வண்டி வேறொரு மரபைச் சார்ந்தது. அங்கே வண்டியோட்டி வெளியே, உயரமான பலகையில், வெயிலுக்கும் பனிக்கும் முகங்கொடுத்து அமர்ந்திருந்தான். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. குதிரைகள் அவன் கண்ணில் பட வேண்டும். கடிவாள வார் தடையின்றி அவன் கைக்கு வர வேண்டும்.

மோட்டார் வண்டி பிறந்தது. குதிரை போயிற்று, கடிவாளம் போயிற்று, வெளியிருக்கை மட்டும் போகவில்லை. பிரெஞ்சுக்காரர் 'கூப்பே டி வில்' என்றும், ஆங்கிலேயர் 'செடான்கா டி வில்' என்றும், அமெரிக்கர் 'டவுன் கார்' என்றும் அழைத்த உடலமைப்பு அந்த மிச்சத்திலிருந்து கிளைத்ததே. அதன் பின்பகுதி, கண்ணாடிச் சாளரங்களும் திரைகளும் கொண்டு நாற்புறமும் அடைக்கப்பட்ட சிற்றறை. முன்பகுதிக்கு, அதாவது காரோட்டி அமரும் இடத்திற்கு, வானமே கூரை. இரண்டிற்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. 'இடப்பக்கம் திரும்பு' என்று சொல்வதற்கும் ஒரு பேசுகுழாய் வேண்டியிருந்தது.

இருக்கைகளின் உறையை நோக்கினால் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். பின்னிருக்கைக்கு மென்மையான கம்பளித் துணி, முன்னிருக்கைக்குத் தோல். தோலிருக்கை இன்று செல்வச் செழிப்பின் அடையாளம். அன்றோ, மழைநீர் பட்டால் துடைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே காரோட்டிக்குத் தோல் வாய்த்தது. வேண்டும்போது மாட்டிக்கொள்ளத்தக்க மேல்விரிப்பு ஒன்று பல வண்டிகளில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. ஆயினும் விருந்துக்கும் நாடக அரங்குக்கும் செல்லும் மாலை வேளைகளில் அதனைக் கழற்றி வைப்பதே அழகு எனக் கருதப்பட்டது. தமக்கென ஒருவன் வண்டியோட்டுவதை ஊரார் காண வேண்டுமல்லவா! 'ஷோபர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நெருப்பு மூட்டிச் சூடேற்றுபவன் என்பது பொருள். குளிரில் விறைத்திருந்தவனுக்கு வாய்த்த பெயர் அது.

கைவினையைப் பொறுத்தவரை, குறை சொல்ல இடமில்லை. பாரிசில் பிண்டர், லண்டனில் பார்க்கர், அமெரிக்காவில் புரூஸ்டர் முதலிய வண்டிக்கூடு கட்டுவோர் குதிரை வண்டிக் காலத் திறனையெல்லாம் இதில் கொட்டினர். சில வண்டிகளின் பக்கங்களில் பிரம்புப் பின்னல் போன்றதொரு வேலைப்பாடு காணப்படும். அது பிரம்பன்று, கெட்டியான வண்ணக்குழம்பைக் கோடு கோடாகக் கையால் இட்டு உண்டாக்கிய தோற்றம். 'செடான்கா' என்னும் பெயர் ஸ்பெயின் நாட்டுப் பிரபு கார்லோஸ் தெ சலமான்காவோடு தொடர்புடையது. அவரோ 1913-இல் தம் நாட்டில் நடந்த போட்டியில் ரோல்ஸ்-ராய்ஸ் வண்டியைத் தாமே ஓட்டி வென்றவர்!

வீழ்ச்சிக்கு வித்திட்டவை எளியோருக்காக எழுந்த மாற்றங்களே. 1912-இல் காடிலாக் வண்டியில் மின்விசையால் இயந்திரத்தை இயக்கும் கருவி வந்தது. கைப்பிடியைச் சுழற்றி மூச்சுவாங்க வேண்டிய தேவை நீங்கியதால், செல்வரும் தாமே ஓட்டத் தலைப்பட்டனர். அமெரிக்காவில் 1919-இல் விற்ற கார்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே முழுக்கூரை உடையது. 1927-இலோ பத்தில் எட்டுக்கு மேல். 1925-இல் எஸ்ஸெக்ஸ் நிறுவனம் மூடிய வண்டியைத் திறந்த வண்டியைவிடக் குறைந்த விலைக்கே விற்றது. சிறு சம்பளக்காரர் ஒருவர் தம் மலிவுக் காரில் நனையாமல் வேலைக்குப் போகிறார். பெருஞ்செல்வரின் காரோட்டி அதே தெருவில் நனைந்துகொண்டு போகிறான். முன்னிருக்கையின் திறப்பு பெருமையாகத் தோன்றிய காலம் அத்தோடு தீர்ந்தது எனலாம்.

1929-இன் பொருளாதாரச் சரிவு எஞ்சியதையும் அசைத்தது. எத்தோரே புகாட்டி அரசர்களுக்கென எண்ணிச் செய்த 'ராயல்' வண்டியின் இயந்திரம் 12.7 லிட்டர் கொள்ளளவு உடையது. செய்யப்பட்டவை 6, வாடிக்கையாளருக்கு விலைபோனவை 3. அவற்றுள் ஒன்று, அவர் மகன் ழான் வடிவமைத்த 'கூப்பே நெப்போலியன்', பிரான்சின் முலூஸ் நகரக் காட்சியகத்தில் உள்ளது. மிஞ்சிய இயந்திரங்கள் வீண்போகவில்லை. 1933 முதல் அவை பிரெஞ்சு இருப்புப் பாதைகளில் ஓடிய புகாட்டி இரயில் வண்டிகளை இழுத்தன. சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் நான்கு. அந்த இரயில் வண்டியின் ஓட்டுநருக்கு எங்கே இடம் தெரியுமா? வண்டியின் நடுவே, கூரைக்கும் மேலே எழுப்பிய கண்ணாடிச் சிற்றறையில்! பயணிகள் அனைவரும் அவருக்குக் கீழே அமர்ந்தனர். பொறியியல் வசதி கருதிச் செய்ததே அது; எனினும் எண்ணிப் பார்க்க இனிக்கிறது.

1810-இல் குதிரை வண்டித் தொழிலாகத் தொடங்கிய புரூஸ்டர் நிறுவனம், 1934-இல் மலிவான போர்டு வி-8 வண்டியின் அடிச்சட்டத்தை வாங்கி, முகப்பில் இதய வடிவக் கம்பித் தட்டி பொருத்தி, டவுன் கார் கட்டி விற்றுப் பார்த்தது. அதுவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வகை வண்டியைப் புதிதாகக் கட்டச் சொன்னவர் மிகச் சிலரே.

பெயர் மட்டும் வேறொரு வீட்டில் குடியேறியது. 1949-இல் காடிலாக் நிறுவனம் 'கூப்பே டி வில்' என ஒரு காரை வெளியிட்டது. அதில் கண்ணாடித் தடுப்பு இல்லை, பேசுகுழாய் இல்லை. முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் சேர்த்து ஒரே எஃகுக் கூரை. 'டி வில்' என்னும் அப்பெயரை அந்நிறுவனம் 2005 வரை தன் கார்களுக்கு இட்டு வந்தது. வாங்கியோருள் மிகப் பலர் தாமே ஓட்டிச் சென்றனர்.