வீரன் மனைவிக்கு விலங்கா?

2014-ஆம் ஆண்டு கோடை. விடுப்பில் ஊருக்கு வந்திருந்த நம் நண்பன், கீரனூருக்கு வடக்கே திருச்சிச் சாலையில் லாரி மோதி மாண்டான். பன்னிரண்டு ஆண்டுகள் படையில் பணியாற்றியவன். நாயக் நிலைக்கு உயர்ந்தவன். பனிமலையிலே காவல் நின்றான், குளிர் கொல்லவில்லை. எல்லையிலே துப்பாக்கி ஏந்தி நின்றான், குண்டு துளைக்கவில்லை. ஐந்து வயது மகளுக்குப் பிறந்தநாள் பாவாடை வாங்கத் திருச்சிக்குப் போனவன், பிணமாகத் திரும்பினான்!

செய்தி கேட்டுப் படைவீரர் சிலர் வந்தனர், மலர்வளையம் வைத்தனர். வட்டாரத்து முன்னாள் படைவீரர்கள், நரைத்த மீசையும் பழைய பதக்கங்களுமாக, வரிசையில் விறைத்து நின்று வணக்கம் செலுத்தினர். நம் கண்கள் கலங்கின. ஆயினும் நெஞ்சு நிமிர்ந்தது. கண்மாய்க்கரை வரையில் ஊரே நடந்தது.

பதினாறாம் நாள் வேறொரு சடங்கு. அது வாசலில் நடக்கவில்லை. விடியுமுன்பு, கொல்லைப்புறத்தில் நடந்தது. தாலியை அகற்றினர், வளையலை உடைத்தனர், பூவைப் பறித்தனர், பொட்டை அழித்தனர். இருபத்தாறு வயதுப் பெண்ணொருத்தி, தான் செய்த குற்றம் இன்னதென்று எவரும் கூறாமலே தண்டனை பெற்றாள். நாடு வாசலுக்கு வந்து அவனை வணங்கிற்று. ஊர் கொல்லையிலே அவளை ஒறுத்தது!

அப்போது நாம் எங்கிருந்தோம்? பந்தலில் இருந்தோம், தோழர்களே! படிப்பகம் நடத்துகிறோம், பகுத்தறிவு பேசுகிறோம், கைம்பெண் மணத்தைப் பற்றி மணிக்கணக்கில் முழங்குகிறோம். எட்டுப்பேர் இருந்தோம் அன்று. எட்டுப்பேரும் பந்தற்காலைப் பிடித்தபடி, ‘இந்நேரத்தில் இதைப் பேசுவது முறையாகாது’ என்று ஒருவர் காதில் ஒருவர் ஓதிக்கொண்டு நின்றோம். இதை எழுதக் கூசுகிறது. ஆயினும் எழுதுகிறோம்.

மூன்றரை ஆண்டுகள் உருண்டன. 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஒருநாள் மாலை, அவள் படிப்பகத்துக்கு வந்தாள். கையில் ஒரு செய்தித்தாள் துண்டு. வீரவிருது பெற்ற படைவீரரின் மனைவிக்கு அளிக்கப்படும் மாத உதவித்தொகை பற்றிய செய்தி அது. 2017 நவம்பர் வரையில் அந்தத் தொகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கணவனை இழந்தவள் மறுமணம் புரிந்தால் தொகை நின்றுவிடும். ஆனால், இறந்த கணவனின் உடன்பிறந்தானையே மணந்து, அக்குடும்பத்தோடு கூடி வாழ்ந்தால் மட்டும் நிற்காது! 1972-ஆம் ஆண்டு ஆணையிலே இருந்து, 1995-இல் திருத்தம் பெற்றபோதும் போகாத அந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2017-இல்தான் நீக்கிற்று.

“அண்ணே, இதுல என்னைப் பத்தி ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டாள்.

இல்லை. நம் நண்பன் வீரவிருது பெற்றவனல்லன். அவளுக்கு வந்துகொண்டிருந்தது சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். பின் ஏன் கேட்கிறாள்? கணவனின் தம்பியை மணந்துகொள்ளுமாறு வீட்டார் ஓராண்டாக வற்புறுத்துகின்றனர். ‘சர்க்கார் சட்டமே அப்படித்தான், வெளியே போனால் பென்சன் போய்விடும்’ என்கின்றனர். அவளுக்கு அதில் விருப்பமில்லை. திருச்சியில் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் அவளை மணக்க முன்வந்திருக்கிறார், அவளும் விரும்புகிறாள்.

நாம் என்ன சொன்னோம்? “பொறுத்திரு, தங்கச்சி! பிள்ளை வளரட்டும். ஓய்வூதியம் நின்றுவிட்டால் என்ன செய்வாய்?” என்றோம்.

அவள் சிரித்தாள். “மேடையில நின்னா கைம்பெண் மறுமணம்னு பேசுறீங்க. கீழ எறங்குனா பென்சன்னு பேசுறீங்களேண்ணே!”

சாட்டையடி வாங்கியவர்போல் நின்றோம். பெரியார் தம் குடும்பத்துச் சிறுமியொருத்திக்கு, சுற்றத்தார் சீறியும் சினந்தும், மறுமணம் செய்து வைத்ததை எத்தனை கூட்டங்களில் எடுத்துரைத்திருப்போம்! ‘விதவை’ என்ற சொல்லிலேகூடப் பொட்டு இல்லை, ‘கைம்பெண்’ என்று எழுதினால் இரண்டு பொட்டு உண்டு என்று கலைஞர் கூறியதைச் சொல்லிக் கைதட்டல் பெற்றிருப்போம்! எதிரே உயிரோடு ஒருத்தி வந்து நின்றபோது, நம் வாயிலிருந்து வந்தது ஊர்ப் பெரியவரின் சொல்!

அன்றிரவுதான் விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அவளோ நமக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாளே பேருந்தேறிப் புதுக்கோட்டைக்குச் சென்று, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, தெளிவாகத் தெரிந்துகொண்டு வந்துவிட்டாள். நாம் புத்தகத்தில் படித்ததும் அவள் கேட்டு வந்ததும் ஒன்றாகவே இருந்தன.

படைவீரன் சாவுக்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. போர்க்களத்திலோ அதற்கொப்பான நடவடிக்கையிலோ மாண்டால், கடைசியாக வாங்கிய ஊதியம் முழுவதும் குடும்பத்துக்கு ஓய்வூதியமாகும். படைப்பணியின் காரணமாக நேர்ந்த சாவென்றால் நூற்றுக்கு 60. பணியோடு தொடர்பில்லாத சாவென்றால், பணியிலிருக்கும்போது இறந்தவனுக்கு முதல் பத்தாண்டுகள் நூற்றுக்கு 50, அதன்பின் 30. பாவாடை வாங்கப் போனவன் மூன்றாம் வகை. இந்தப் பாகுபாட்டில் ஓரளவு நியாயம் உண்டென்றே கருதுகிறோம். நான்காண்டுப் பணிக்கென 2022-இல் கொண்டுவரப்பட்ட அக்னிபாதைத் திட்டத்தில் இந்த மூன்றுமே இல்லை. காப்பீட்டுத் தொகை உண்டு, ஓய்வூதியம் கிடையாது. அதைத் தனியே எழுத வேண்டும்.

மூன்றாம் வகை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யும்போதே, ‘மறுமணம் புரிந்தால் தெரிவிப்பேன்’ என்று உறுதி எழுதி வாங்கிவிடுகின்றனர். மறுமணம் நடந்தால் தொகை அவளுக்கு நின்றுவிடும். ஆனால் நின்றே போய்விடாது. பிள்ளை இருந்தால் பிள்ளைக்குச் சேரும், அப்பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரையில், அல்லது அதற்குள் மணமோ சம்பாத்தியமோ வரும் வரையில். பிள்ளையற்றவளாயின், 2006 சனவரி முதல் மறுமணத்துக்குப் பின்னும் அவளே பெறலாம். ஆனால் அவளுக்கென்று வரும் வருமானம் ஒரு சிறு வரம்பைத் தாண்டக்கூடாது. கணவனின் தம்பியை மணந்தால்தான் உண்டு என்ற நிபந்தனை அவளுடைய ஓய்வூதியத்துக்கு இல்லவே இல்லை! இல்லாத ஒரு விதியைக் காட்டி ஓராண்டுக்காலம் ஒருத்தியை அடைத்துவைத்திருந்தனர்.

ஆயினும் வீட்டார் அதைப் புனைந்து கூறினர் என்றும் சொல்வதற்கில்லை. வீரவிருதுத் தொகையில் மட்டுமல்ல, படையின் பழைய ஓய்வூதிய விதிகளிலும் ‘கணவனின் சகோதரன்’ என்ற வாசகம் இருந்தது. எங்கோ ஒரு பழைய படைவீரர் சொல்ல, அது காது மாறிக் கீரனூர் வந்து சேர்ந்தது. அந்த வாசகம் எங்கே பிறந்தது? வெள்ளையர் காலத்தில் படைக்கு ஆள் எடுத்ததில் பெரும்பங்கு பஞ்சாப். அங்கே உழவர் குடிகளில் ‘கரேவா’ என்றொரு வழக்கம். அண்ணன் இறந்தால் அவன் மனைவியைத் தம்பிக்குச் சேர்ப்பர். நிலம் பங்கு பிரியாது, பெண்ணும் வெளியே போகாள். அவ்வழக்கத்தின் நிழலே சட்டத்தில் விழுந்தது என்பது நம் கருத்து. அண்ணன் மனைவியைத் தாய்க்கு ஒப்பாகக் கருதும் குடும்பங்கள் நிறைந்த நம் சீமைக்கு அந்த நிழல் வந்தது விந்தையல்லவா!

வடக்கின்மீது பழி போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? அதுவும் முடியாது. நடுகல் நட்ட நாடு நம் நாடு. மாண்ட மறவனுக்குக் கல் நட்டு, பீலி சூட்டி, கள்ளும் படைத்தோம். அவன் மனைவிக்கு? ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாய முனைந்தாள், சான்றோர் தடுத்தனர். அவர்களுக்கு அவள் சொன்ன விடை புறநானூற்றில் இருக்கிறது. வேளைக்கீரையும் எள் துவையலும் பிழிந்த சோறும் தின்று, பரற்கல்லின்மேல் பாயுமின்றிக் கிடக்கும் கைம்மை வாழ்வைக் காட்டிலும், எரிகின்ற ஈமம் தனக்கு இனிது என்றாள் என்பது அதன் பொருள். அந்த ஒல்லையூர், நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலமே என்பர் ஆராய்ச்சியாளர். சங்ககாலம் பொற்காலம் என்று நாம் பேசும்போதெல்லாம் அந்தக் கீரையையும் கல்லையும் தாண்டிக் குதித்தே பேசி வந்திருக்கிறோம்.

சட்டங்களின் கதையும் இதுவே. 1856-ஆம் ஆண்டுச் சட்டம், இந்துக் கைம்பெண் மறுமணம் செல்லும் என்றது. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மணந்தால் முதற்கணவன் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை போயிற்று என்றது. 1956-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம், பெண்ணின் சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கிற்று. சொத்துச் சட்டம் கற்றுக்கொண்ட அந்தப் பாடத்தை ஓய்வூதிய விதி அரை நூற்றாண்டு கழித்து, அதுவும் பாதியே படித்தது. தமிழ்நாட்டிலோ 1975 முதல் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் கைம்பெண் மறுமணத்துக்கு அரசே உதவி வழங்குகிறது. மாநில அரசு ‘மணந்துகொள்’ என்று பணம் தருகிறது. மைய அரசின் விதி ‘மணந்தால் நிறுத்துவேன்’ என்கிறது!

கடல்கடந்த நாடுகள் இதில் மிக முந்திவிட்டன என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவில், பணியால் இறந்த படைவீரரின் மனைவி 55 வயதுக்குமுன் மறுமணம் செய்தால் மாத உதவித்தொகை நின்றுபோகும். 2021 வரையில் அந்த வயது 57. பிரிட்டனில் 2015 ஏப்ரல் முதல் போர்க் கைம்பெண்களின் ஓய்வூதியம் வாழ்நாள் முழுமைக்கும் என்றாயிற்று. ஆனால் அதற்குமுன்பே மறுமணத்தால் இழந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2023-இல்தான் அவர்களுக்கு ஒரே தவணையாக 87,500 பவுண்டு வழங்க அந்த அரசு இசைந்தது. பணமாகவேனும் கொடுக்க இசைந்தனரே, அதை மெச்சுகிறோம்.

நம் நாட்டிலே பெயர் மட்டும் பெரிதாக வைத்திருக்கின்றனர். ‘வீர நாரி’ என்கின்றனர். பெயர் வடமொழி; போகட்டும், எண்ணம் நல்லதுதான். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள். பள்ளிப் பிள்ளைகள் கொடி குத்திக்கொண்டு உண்டியல் குலுக்குகின்றனர். நாமும் காசு போடுகிறோம். அந்த உண்டியலில் விழுவது கொடையா, கடனா? கடன் என்பதே நம் கட்சி. அவன் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த உழைப்பில், அவன் இல்லாத வீட்டைக் காத்த அவள் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பங்கு, அவள் யாரை மணந்தாள் என்று பார்த்து எப்படிக் குறையும்? மனைவியை இழந்தவன் ஐம்பதில் மறுபடியும் மாப்பிள்ளையானால் அவனுடைய சொந்த ஓய்வூதியத்தை யாரேனும் தொடுகின்றனரா?

இவ்வளவையும் எழுதி முடித்தபின், ஒரு கிழவியின் முகம் கண்முன் வந்து நிற்கிறது. நண்பனின் தாய். அவளை நாம் கொடியவளாக்கி விட்டோமோ என்று அஞ்சுகிறோம். மறுமணப் பேச்சு எழுந்தபோது அவள் நம்மிடம் வந்து சொன்னாள்:

“மகன் போயிட்டான், தம்பி. மருமக போனா பேத்தியும் போயிரும். பேத்தி போனா பணமும் போயிரும். சின்னவனைக் கட்டிக்கிட்டா எல்லாரும் ஒரே கூரையில கெடக்கலாமேன்னுதான் பாத்தேன். நான் அவளுக்குக் கெடுதலா நெனச்சேன்?”

இல்லை. விதியின்படி மனைவியும் பிள்ளையும் இல்லாதபோதுதான் பெற்றோருக்கு அந்த ஓய்வூதியம். பன்னிரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் மகன் அனுப்பிய பணத்தில் அடுப்பெரித்தவள், மகன் இறந்த மறுநாளே கணக்கில் இல்லாதவள் ஆனாள். 2024-ஆம் ஆண்டு, கீர்த்தி சக்கரம் பெற்ற ஒரு படை மருத்துவரின் பெற்றோர் இதே குறையை எழுப்பியபோது, நாடெங்கும் பலர் அந்த இளம் மனைவியைத் தூற்றக் கிளம்பினர். கொடுக்கவேண்டியவன் ஒதுங்கி நிற்க, பெறவேண்டிய இருவர் மோதிக்கொள்ளும் காட்சி! ஓர் இலையில் இருவருக்குப் பரிமாறினால் பந்தியில் சண்டை வராமல் என்ன செய்யும்?

2019-இல், நம் படிப்பகத்திலேயே, இரண்டு மாலைகளோடும் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடும் அந்தத் திருமணம் நடந்தது. பந்தற்காலைப் பிடித்து நின்ற எட்டுப்பேரில் ஆறுபேர் வந்தோம். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் வரவில்லை. கிழவியும் வரவில்லை. ஓய்வூதியம் மகள் பெயருக்கு மாறிற்று. மாற்றுவதற்கு எட்டு மாதம் பிடித்தது, பதினொரு தாள்கள் பிடித்தன. 2024-இல் பத்தாண்டு முடிந்ததும், 50 என்பது 30 ஆயிற்று. சிறுமி இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். திங்களுக்கொரு முறை தாயோடு திருச்சியிலிருந்து வந்து பாட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறாள். அவள் தாய், புறப்படும்போது கிழவியின் சுருக்குப்பையில் ஏதோ வைப்பதைக் கண்டிருக்கிறோம். எவ்வளவு என்று கேட்டதில்லை.

கிழவிக்காக முதியோர் உதவித்தொகை கேட்டு இருமுறை மனு எழுதிக்கொடுத்தோம். ‘இன்னொரு மகன் இருக்கிறானே!’ என்று திருப்பிவிட்டனர். அந்த மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் மூன்றாண்டுகள் ஆகின்றன. மூன்றாவது மனுவை இவ்வாரம் எழுதிக்கொண்டிருக்கிறோம்; இம்முறை, மாண்ட மகனின் படை எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள் கிழவி. அதை அவள் யார் துணையுமின்றி ஒப்பிக்கிறாள்.