இடுப்பில் ஆறு தோட்டா... பையில் இன்னும் ஆறு எதற்கு?

சென்னையில் நம்மில் பெரும்பாலானவர்கள் துப்பாக்கியைப் பக்கத்தில் பார்ப்பது ஒரே ஒரு இடத்தில்தான். ஏ.டி.எம்-மில் பணம் நிரப்ப வேன் வந்து நிற்கும்போது, அதன் அருகில் நிற்கும் காவலாளியின் தோளில். சட்டைக்குள் ரிவால்வரோடு நம்மை உரசிக்கொண்டு ஒருவர் நடந்து போனால் நமக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் சட்டமும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ் வைத்திருப்பவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் வைத்து, வெளியே தெரியாமல் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்துக் காட்டுவதும், விழாவில் வானத்தை நோக்கிச் சுடுவதும் குற்றம்.

தி.நகர் உஸ்மான் ரோட்டில் நகைக்கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரி, பல வருடங்களாக இப்படித்தான் இரவில் மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்புகிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இடுப்பில், கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் தயாரான .32 ரிவால்வர். சிலிண்டரில் ஆறு தோட்டாக்கள். அது போக, கையில் இருக்கும் தோல் பையின் உள் ஜிப்பில் இன்னும் ஆறு.

அந்த இரண்டாவது ஆறு எதற்கு? இந்தக் கேள்விதான் சென்ற வருடம் அவர் வீட்டில் பெரிய விவாதமானது.

பாண்டி பஜாரில் தொடங்கிய பழக்கம்

கூடுதல் தோட்டா வைக்கும் பழக்கம் அவருடையது அல்ல, அவருடைய அப்பாவுடையது.

1982 மே 19. பாண்டி பஜாரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இலங்கைத் தமிழ்ப் போராளித் தலைவர்களான பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் தற்செயலாக எதிரெதிரே வந்துவிட, கடைத்தெருவில் வைத்தே மோதல். உமா மகேஸ்வரனோடு வந்தவர் குண்டடிபட்டார். பிரபாகரன் அங்கேயே பிடிபட்டார். உமா மகேஸ்வரன் சில நாட்களில் சிக்கினார். அதுவரை துப்பாக்கி என்பதைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த தி.நகர்க்காரர்கள், கடைகளின் ஷட்டரை இறக்கிவிட்டுப் பேச்சற்று நின்றார்கள்.

இன்றைய முதலாளி அன்று கல்லூரி மாணவர். அப்பாவிடம் அப்போது ஒரு பழைய வெளிநாட்டு .32 இருந்தது. "ஆறும் தீர்ந்துபோச்சுன்னா என்னடா பண்ணுவ?" என்று கேட்டபடியே, அந்த வாரத்திலிருந்து ஒரு சின்னப் பையில் கூடுதலாக ஆறு தோட்டாக்களை எடுத்துச் செல்லத் தொடங்கினார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு துப்பாக்கி மாறியது, கடை பெரிதானது. பழக்கம் மட்டும் அப்படியே நின்றது.

"ஆறு போதாதுப்பா!"

மகனுக்கு முப்பது வயது. அப்பாவின் பையில் இருப்பது போதாது என்பது அவன் கட்சி. "ரிவால்வரை விட்டுட்டு பிஸ்டல் வாங்குங்கப்பா. ரெண்டு மேகஸின் கூடவே வச்சுக்கலாம். அமெரிக்காவுல சாதாரண ஜனங்களே அப்படித்தான் போறாங்க."

அவன் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு எத்தனை உதிரித் தோட்டா என்பது அன்றாட விவாதம். அதற்கு அவர்கள் இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று, எதிராளி ஒருவருக்கு மேல் இருந்தால் கையில் இருப்பது போதாமல் போகலாம். இரண்டு, பிஸ்டலில் அடிக்கடி கோளாறு செய்வது மேகஸின்தான். சிக்கினால் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்றைச் செருக வேண்டும். இரண்டாவது காரணம்தான் அனுபவசாலிகள் அதிகம் சொல்வது.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ அதிகாரிகளுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையையும் எடுத்துக்காட்டுவார்கள். இரண்டு அதிகாரிகள் இறந்தனர், ஐந்து பேர் காயமடைந்தனர். கையில் குண்டடிபட்ட அதிகாரியால் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்ப முடியவில்லை. அதன் பிறகுதான் எஃப்.பி.ஐ ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறும் வேலை வேகம் பிடித்தது.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவங்க போலீஸ். துரத்திப் பிடிக்கிறது அவங்க வேலை. நான் கடைக்காரன். உயிரோட வீட்டுக்கு வந்து சேர்றதுதான் என் வேலை."

சொன்னாரே தவிர, பையில் இருந்த ஆறையும் எடுக்கவில்லை.

ஜிப்புக்குள் ஒன்று

விவாதத்தை முடித்து வைத்தவர் மருமகள். அடையாறில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கோடை விடுமுறைக்கு மகனை அழைத்துக்கொண்டு டெல்லிக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் சும்மா கிடந்த மாமனாரின் பழைய தோல் பையில் குழந்தையின் மருந்து, தண்ணீர் பாட்டில், டிக்கெட் எல்லாவற்றையும் அடுக்கினார். கிளம்புவதற்கு முந்தைய இரவு, உள் ஜிப்பின் ஓரத்தில் தையல் பிரிந்த இடத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், ஒரு தோட்டா.

புதுப் பைக்கு மாற்றும்போது ஆறு எடுத்ததாகத்தான் மாமனார் நினைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் ஐந்துதான்.

"மாமா, இது நாளைக்கு ஏர்போர்ட்ல எக்ஸ்ரே மெஷின்ல தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

என்ன ஆகியிருக்கும்? லைசென்ஸ் மாமனார் பெயரில். மருமகளிடம் ஒன்றும் இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. விமான நிலையத்தில் பிடிபட்டால் பாதுகாப்புப் படையினர் உள்ளூர் போலீஸில் ஒப்படைப்பார்கள். விமானம் போய்விடும். குழந்தை அழும்.

பையில் தோட்டா இருப்பதே தெரியாது என்றால் அது குற்றமாகாது, 'தெரிந்து வைத்திருப்பது' என்பது நிரூபிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 1994-ல் சஞ்சய் தத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவுபடுத்தியது. பையில் ஒற்றைத் தோட்டாவோடு சிக்கிய பயணிகள் பலரின் வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. ஆனால், அந்த உத்தரவு கைக்கு வரும்வரை வக்கீல், ஸ்டேஷன், கோர்ட் என்று அலைவது யார்? துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு டீச்சர்!

ஒரு குண்டின் கணக்கு

அன்றிரவு பெரியவர் தூங்கவில்லை. மறுநாள் ஐந்தையும் ஒன்றையும் சேர்த்து மேஜையில் வரிசையாக வைத்தார். எந்த வருடம் வாங்கியவை என்று அவருக்கே நினைவில்லை. சென்னை வெக்கையிலும் வியர்வையிலும் பித்தளை கறுத்திருந்தது.

பழைய தோட்டா என்றதும் அந்தத் தலைமுறைக்கு ஒரு சம்பவம் ஞாபகம் வரும். 1967 ஜனவரி 12 மாலை, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் ராயப்பேட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு பொது மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார்கள். அத்தனை அருகில் சுட்டும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் விளக்கம், ராதாவின் தோட்டாக்கள் பல ஆண்டுகள் மேஜை டிராயரில் உருண்டு கிடந்து வீரியம் இழந்தவை என்பது.

வீரியம் குறைந்த அந்தக் குண்டு எவ்வளவு செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆரின் காதருகே பாய்ந்து கழுத்தில் தங்கிய ஒரே குண்டு, அவர் குரலை நிரந்தரமாக மாற்றியது. கழுத்தில் கட்டோடு இருந்த அவர் படம் தமிழ்நாடு முழுக்கச் சுவர்களில் ஒட்டப்பட்டது. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலையில் அவர் ஜெயித்தார். சுட்டவர் சிறைக்குப் போனார். அத்தனைக்கும் ஒரு குண்டு போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு தேவைப்படவில்லை.

பெரியவர் அந்தப் பழைய ஆறையும் எடுத்துக்கொண்டு ரைபிள் கிளப்புக்குப் போனார். பயிற்சியாளர் ஒரு வேலை கொடுத்தார். சிலிண்டரில் இருக்கும் ஆறையும் சுட்டு முடித்து, காலி உறைகளைத் தட்டிவிட்டு, பையிலிருந்து ஆறையும் எடுத்துப் போட வேண்டும். யாரும் துரத்தவில்லை, இருட்டும் இல்லை. அப்படியிருந்தும் விரல் நடுங்கி இரண்டு தோட்டாக்கள் கீழே உருண்டன. ஒருவழியாகப் போட்டுச் சுட்டபோது ஒன்று வெடிக்கவே இல்லை. 'துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடிங்க, அரை நிமிஷம் பொறுங்க' என்றார் பயிற்சியாளர். தாமதமாக வெடிக்கும் அபாயம் உண்டாம்.

ஆறையும் ஒரே அழுத்தில் நிரப்பும் 'ஸ்பீடு லோடர்' என்ற கருவி இருக்கிறது. அதையும் பயிற்சியாளர் காட்டினார். "வாங்கலாம் சார். ஆனா தி.நகர்ல ராத்திரி எட்டு மணிக்கு ஆறு குண்டு சுட்டுட்டு ஏழாவது சுடறீங்கன்னா, முதல் ஆறு எங்கே போச்சுன்னு யோசிச்சீங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் பெரியவரிடம் பதில் இல்லை. ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ குறி தவறும் குண்டு சும்மா போகாது. பூக்காரம்மா இருப்பார், பலூன் விற்கும் பையன் இருப்பான், தீபாவளித் துணி எடுக்க வந்த குடும்பம் இருக்கும். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆனால், தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்போடு. ஒவ்வொரு குண்டுக்கும் 'இது ஏன் தேவைப்பட்டது' என்று சுட்டவர்தான் விளக்க வேண்டியிருக்கும். ஓடத் தொடங்கிய திருடனின் முதுகில் பாயும் குண்டுக்கு அந்த விளக்கம் கிடைக்காது.

எழுபது நாட்களுக்கு மேல்...

மருமகள் இன்னொன்றையும் ஞாபகப்படுத்தினார். 2024 நாடாளுமன்றத் தேர்தல். மார்ச் 16-ல் நடத்தை விதிகள் வந்ததும் வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பெரியவரும் துப்பாக்கியைக் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். ஜூன் மாதம் வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது.

"அந்த ரெண்டரை மாசம் நீங்க எப்படி மாமா வீட்டுக்கு வந்தீங்க?"

யோசித்தால் பதில் எளிது. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் பறக்கும் படைக்குக் கணக்கு காட்ட வேண்டும் என்பதால், வசூலைக் கடையில் இருந்தே வங்கிக்கு அனுப்பினார். நகையை லாக்கரில் வைத்துப் பூட்டினார். தனியாக வராமல் கடைப் பையனையும் காரில் ஏற்றிக்கொண்டார். ஒரு நாள் தேனாம்பேட்டை வழி, இன்னொரு நாள் ஆழ்வார்பேட்டை வழி. கையில் நகையும் இல்லை, பணமும் இல்லை என்றால் பின்தொடர்ந்து வருபவனுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

இப்போது அந்த வீட்டில்

தேர்தல் கால வழக்கங்கள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. தோல் பையில் தோட்டா கிடையாது. மிச்சமிருந்த பழையவற்றையும் கிளப்பிலேயே சுட்டுத் தீர்த்தார். புதிதாக வாங்கியவை, உரிமப் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள், இரும்பு அலமாரியில் இருக்கின்றன. வாங்கிய தேதி, எத்தனை, எங்கே சுட்டது என்று ஒரு நோட்டில் எழுதுகிறார். சாவி அவரிடம் மட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எண்ணிப் பார்க்கிறார். வீட்டில் யார் எந்தப் பையை எடுத்தாலும் முதலில் தலைகீழாகக் கவிழ்த்து உதறுவது இப்போது எழுதாத சட்டம்.

மகன் இன்னும் பிஸ்டல் பேச்சை விடவில்லை. "ரெண்டு மேகஸின் வாங்கினா ரெண்டையும் நீதான் எண்ணணும்" என்று அப்பா சொன்னதும் கொஞ்சம் அடங்கியிருக்கிறான்.

சிலிண்டரில் இருக்கும் ஆறு அப்படியே இருக்கிறது. லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த முறை வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு போவதா, இல்லை ஒப்படைக்கிறேன் என்ற கடிதத்தோடு போவதா என்று மருமகள் கேட்டிருக்கிறார். பெரியவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நோட்டில் அந்தத் தேதியை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.