குடியே அறியாத மீனுக்கும் ஈரல் புற்று!

சென்ற வைகாசியில் என் மகன் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பாலிதீன் பையில் ஆறு மீன்கள் வாங்கி வந்தான். நாற்பது கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு வால்பாறைக்குக் கொண்டு சேர்த்தானாம்! சுண்டு விரல் நீளம்கூட இல்லை. உடம்பு நெடுக நீலக் கோடு. வரிக்குதிரை மீன் என்று பெயர்.

"இருக்கிற வேலை போதாதா?" என்று சலித்துக்கொண்டேன்.

"அம்மா, மாமாவுக்கு வந்த நோயை இந்த மீனை வச்சுத்தான் ஆராய்ச்சி பண்றாங்க" என்றான். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

என் அண்ணன் ஈரல் புற்றில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. கள், சாராயம் தொடாத மனுசன். ஆனால் துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "திருட்டுத்தனமாக் குடிச்சிருப்பாரு" என்று வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்த நாளிலிருந்து அண்ணி விசேஷம் எதற்கும் வருவதில்லை.

மகன் விளக்கிச் சொன்னான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சியுவான் கோங் என்ற விஞ்ஞானியின் குழுவினர், புற்றுநோயைத் தூண்டும் மரபணு ஒன்றை இந்த மீனின் ஈரலில் வேலை செய்யும்படி சேர்த்திருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரில் டாக்ஸிசைக்ளின் மருந்தைக் கலந்தால் அந்த மரபணு விழித்துக்கொள்ளும். சில வாரங்களில் ஈரலில் கட்டி வரும். மருந்தை நிறுத்தினால் கட்டி சுருங்கும்! 2012-ல் இதை வெளியிட்டார்கள். ஆண் மீன்களுக்கு நோய் வேகமாக முற்றுவதையும் பின்னால் கண்டார்கள். மனிதரிலும் ஆண்களுக்குத்தான் இது அதிகம்.

மீனை ஏன் பிடித்தார்கள் என்றால், அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி. ஈரல் வளர்வதை வெளியிலிருந்தே பார்க்கலாம். நம் மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதனிடம் இணை இருப்பதாக 2013-ல் தெரிந்தது. இதன் பூர்வீகமும் நம் நாட்டு ஆறுகள்தான்.

நான் கேட்டேன்: "அந்த மீன் குடிச்சுதா?" மகன் சிரித்தான். எனக்குக் கண் கலங்கியது. அன்று சாயங்காலமே அண்ணியிடம் போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமலிருந்தவர், "இதை நாலு பேர்கிட்டச் சொல்லு அம்மிணி" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

குடி ஈரலைக் கெடுக்கும் என்பது நிஜம். ஆனால் அதுமட்டும் காரணமல்ல. அண்ணனுக்கு இருந்தது 'ஹெபடைடிஸ் பி' கிருமி. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலில் குடியிருந்திருக்கிறது. ரத்தம், சுத்தமில்லாத ஊசி, தாம்பத்திய உறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளத்திலுள்ள நஞ்சும் ஈரலுக்கு ஆகாது. கசந்த கடலையைத் துப்பிவிடுங்கள்.

இளம் தாய்மார்களே, கர்ப்ப காலத்தில் இந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். பிறகு 6, 10, 14-வது வாரங்களிலும் உண்டு. வீட்டில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டோம். அண்ணன் மகளுக்குக் கிருமி இருப்பது தெரிந்து, டாக்டர் கண்காணிப்பில் இருக்கிறாள். நேரத்தோடு தெரிந்ததே பெரிய புண்ணியம்.

மீன்களுக்குத் தினமும் இரை போடுவது இப்போது நான்தான்.