செவ்வாப்பேட்டையிலிருந்து ஒரு கல்விப் பயணம்

செவ்வாப்பேட்டை ரோடு நிலையம் சிறியது. ஆயினும் அது நிற்கும் தடம் பழம்பெருமை வாய்ந்தது. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கித் தென்னாட்டின் முதற் புகைவண்டி ஓடிய தடம் இதுவே. இன்று விடியற்காலையில் ஆலைத் தொழிலாளரும் மாணவரும் நெருக்கியடித்து நின்று பயணம் செய்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பங்குப் பிள்ளைகள் சிலரோடு நாமும் அண்மையில் அவ்வண்டியில் சென்னை சென்றோம்.

"சாமி, சமூகவியல் படித்தால் வேலை கிடைக்குங்களா?" என்று புறப்படுமுன் ஒரு தாய் வினவினார். கடன்பட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் இல்லத்தின் கேள்வி அது. எளிதில் ஒதுக்கத் தக்கதன்று.

பட்டாபிராமைக் கடந்ததும் 'இந்துக் கல்லூரி' என்றே ஒரு நிலையம் வருகிறது. சென்ட்ரலில் இறங்கி, பார்க் நிலையத்தில் வண்டி மாறினால் நுங்கம்பாக்கம். அங்கே, 1925-இல் சேசு சபையார் நிறுவிய இலயோலாக் கல்லூரியில் பொருளியலும் வரலாறும் இளங்கலைப் பாடங்கள். 1947-இல் மரியாயின் பிரான்சிஸ்கு சபைக் கன்னியர் பெண்களுக்கெனத் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் சமூகவியலும் உண்டு. எழும்பூரில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தோற்றுவித்த சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் சமூகப்பணி, உளவியல் ஆகியவற்றில் பட்டம் பெறலாம்.

இவை யாவும் ஒன்றல்ல. பொருளியல், கூலியையும் விலையையும் ஆராயும். அதற்குக் கணக்கில் பழக்கம் வேண்டும். சமூகவியல், சாதி, குடும்பம், குடிபெயர்ச்சி ஆகியவற்றை ஆராயும். சமூகப்பணியோ வகுப்பறையோடு நில்லாது. சேரிக்கும் மருத்துவமனைக்கும் மாணவரைக் களப்பணிக்கு அனுப்பும்.

அத்தாய்க்கு நம் மறுமொழி இதுவே: வேலை உண்டு, ஆனால் மூன்றாண்டுப் பட்டம் மட்டும் பெரும்பாலும் போதாது. 500 தொழிலாளருள்ள ஆலையில் நலன் அலுவலர் வேண்டுமென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வெண்ணை 250 ஆகக் குறைத்தது. இத்தகைய பணிகளுக்கு முதுகலையும் படித்தல் நலம். ஆகவே ஐந்தாண்டுச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டுப் பிள்ளையைச் சேர்த்தல் அறிவுடைமை.

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் மொழியறியா வடநாட்டு இளைஞர் பலர் உழைக்கின்றனர். விபத்து நேர்ந்தால் அவர்களுக்காகப் பேசுவோர் யார்? திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலில் தொழிலாளரின் நியாயமான கூலிக்காகக் குரல் கொடுத்தார். அக்குரலைச் சட்டமறிந்து, கணக்கறிந்து எழுப்பவல்ல பிள்ளைகள் நம் இல்லங்களிலும் இருக்கின்றனர். பொறியியல் ஒன்றே படிப்பென்று அவர்களைத் தடுத்துவிடாதீர்கள், பெற்றோரே! விண்ணப்பம் வாங்குமுன் ஒருநாள் அவர்களோடு வண்டியேறிச் சென்று, கல்லூரிகளை நேரிற் கண்டு வாருங்கள்.