பர்னாந்து வந்த வழி

கும்பளங்கி, கொச்சி

அன்பு மகளே,

கிளாஸ்கோவில் உன்னோடு வேலை பார்க்கும் மெக்கிரிகர், "உங்கள் முன்னோர் போர்ச்சுகலிலிருந்து வந்தவர்களா?" என்று கேட்டாராம், பதில் தெரியாமல் நீ பேச்சை மாற்றினாயாம். இனி மாற்ற வேண்டாம்.

நாம் தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளித்த பரதவர். 1530-களில் முத்து வணிகத் தகராறு பெரிய சண்டையாக முற்றியபோது, பாதுகாப்புக் கேட்டு நம் பெரியவர்கள் வந்து நின்ற ஊர் இந்தக் கொச்சிதான். அப்போது இங்கே போர்ச்சுகீசியர் கோட்டை இருந்தது. உதவிக்கு ஒப்புக்கொண்டார்கள்; கூடவே ஞானஸ்நானமும் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுக்குள் ஏறத்தாழ 20,000 பேர்! மறைபரப்ப வந்த புனித சவேரியார் நம் கரைக்கு வந்ததே அதற்குப் பிறகு, 1542-ல்தான்.

ஞானத்தகப்பனாக நிற்கும் போர்ச்சுகீசியரின் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்வது அன்றைய வழக்கம். நம் பர்னாந்து, மிராண்டா, ரோச், கோமஸ் எல்லாம் அப்படி வந்தவை. பெயர்தான் அவர்களுடையது, ரத்தம் நம்முடையது. (கொச்சியில் போர்ச்சுகீசிய ரத்தம் கலந்த குடும்பங்களும் உண்டு, அவர்கள் கதை வேறு.)

இதை எழுதும்போது வாசலுக்கு எதிரே காயலில் சீனவலை இறங்குகிறது. கயிற்றில் தொங்கும் கற்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. வலை இழுப்பவர்களில் ஒருவர் பெரேரா, ஒருவர் ரொட்ரிகஸ். இருவரும் இந்தக் காயல்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மலையாளம் தவிர வேறு மொழி தெரியாது. பெரேரா என்றால் பேரிக்காய் மரம் என்று ஒருநாள் சொன்னேன். அந்த மரத்தை அவர் கண்டதே இல்லை.

போர்ச்சுகீசியரின் பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். மெக்கிரிகர் என்றால் கிரெகரின் மகன். நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிறோமே, அதே கதை. ஆனால் மெக்கிரிகர்கள் பட்ட பாடு பெரிது. 1603-ல் ஸ்காட்லாந்து அரசு அந்தப் பெயரையே தடைசெய்தது. வைத்துக்கொண்டால் மரண தண்டனை. வேறு பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள். தடை முழுதாக நீங்கியது 1774-ல். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் தலைமுறைகள் கழிந்த வீட்டுப் பிள்ளை அவர். அவர் கேட்டதில் தவறே இல்லை, மகளே.

போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த பெயரை நம்மவர்கள் நம் நாக்குக்கு வளைத்து, பர்னாந்து என்று நமதாக்கிக்கொண்டார்கள். தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துவை ஊரில் யாரும் அந்நியராக நினைத்ததில்லை. மெக்கிரிகரிடம் அந்தத் தண்ணீரின் கதையையும் சொல்.

உன் சித்தி